ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லி

அத்தான் குடும்பத்தோடு விடுமுறைக்குக் கிளம்பியது ஒரு சனிக்கிழமை காலை. மழை அப்போதுதான் விட்டிருந்தது. தெருவில் தேங்கிய தண்ணீரில் வாடகை வேன் ஒன்று பின்பக்கமாக வந்து வாசலை அடைத்துக்கொண்டு நின்றது. போவது விடுமுறைக்கு என்பது அத்தானுக்கும் அக்காவுக்கும் மட்டுமே தெரியும். குழந்தைகளுக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது.

நான் பல நாடுகள் சுற்றிவிட்டுத் திரும்பி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அக்கா வீட்டு முன்னறை சோபாதான் என் படுக்கை. அத்தான் தோளைத் தட்டி எழுப்பினார்.

"எழுந்திரும்மா. உங்க அக்காவுக்கு வயித்து வலி. ஆஸ்பத்திரிக்குப் போகணும்."

படுக்கையறை வாசலில் அக்கா போர்வையைச் சுற்றிக்கொண்டு, நிலையைப் பிடித்தபடி குனிந்து நின்றாள். அவளுக்குப் பக்கத்தில் அவள் பெண். ஏழு வயது. தூங்கும் நேரம் தவிர வாய் மூடாதவள் என்பதால் வீட்டில் அவளுக்கு வாயாடி என்றே பெயர். அவள் தம்பியைச் சின்னவன் என்போம். வாயாடி அன்று ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"அம்மா எப்ப திரும்பி வருவா?"

"தெரியலடா செல்லம். ஆபரேஷன் பண்ணணுமாம்," என்றார் அத்தான்.

அவள் உள்ளே ஓடினாள். அம்மாவின் சீப்பு, மூக்குக் கண்ணாடி, தண்ணீர் பாட்டில், தன்னுடைய தலையணை எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பையில் திணித்துக்கொண்டு வந்தாள். புத்தகங்களைக் கட்டிலில் கொட்டிவிட்டிருந்தாள். வேனை அத்தானே ஓட்டினார். அக்கா பின் சீட்டில் என் மடியில் தலைவைத்துப் படுத்துக்கொண்டாள். கண்ணைத் திறக்கவே இல்லை. நான் அவள் நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். சுடவில்லை. சுடாமல் இருப்பதுதான் இன்னும் மோசமோ என்று பயந்தேன்.

எங்களுக்கு முன் சீட்டில் வாயாடி தம்பிக்கு மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். "அம்மா வர்ற வரைக்கும் நான்தான் உனக்குத் தலை சீவி விடுவேன். நீ அழக் கூடாது. ராத்திரி பயமா இருந்தா என் கைய பிடிச்சுக்கோ. அப்பாவ எழுப்பக் கூடாது, அவரு பாவம்."

ஆஸ்பத்திரிக்குத் திரும்பும் சாலை வந்தது. வேன் திரும்பாமல் நேரே போனது.

"அப்பா! ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்!"

அத்தான் திரும்பிப் பார்க்காமல் ஓட்டினார்.

"அப்பா, தாண்டிட்டீங்க! திருப்புங்கப்பா! திருப்புங்க!" அவள் எழுந்து நின்று அவருடைய சீட்டின் முதுகை இரண்டு கையாலும் அடித்தாள். அத்தானின் தோள்கள் குலுங்கின. மனிதர் அழுகிறார், கண்ணீர் மறைத்து வழியை விட்டுவிட்டார் என்றே நினைத்தேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். வண்டியின் முன் கண்ணாடிக்குக் கீழே, எங்களைப் பார்த்தபடி பொருத்தியிருந்த போன் எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொண்டிருந்தது. வழி காட்டத்தான் அதை வைத்திருக்கிறார் என்று எண்ணியிருந்தேன்.

விமான நிலையத்தின் வாசலில் வேன் நின்றது. அத்தான் போனைக் கழற்றிக்கொண்டு குதித்து இறங்கி, பக்கக் கதவை இழுத்துத் திறந்தார். "சர்ப்ரைஸ்!" அக்கா என் மடியிலிருந்து எழுந்து உட்கார்ந்தாள். போர்வைக்குள் பூப்போட்ட புது உடை. சீட்டுக்கு அடியிலிருந்து ஒரு பெரிய தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். பின்னால், படுதாவுக்குக் கீழே நான்கு பெட்டிகள் இருந்தன.

சின்னவன் துள்ளிக் குதித்தான். வாயாடி குதிக்கவில்லை. அம்மாவின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு இறங்க வந்தவள், வேன் படியிலும் அப்பாவின் புது வெள்ளைக் காலணிமேலும் வாந்தி எடுத்தாள்.

அத்தான் துடைத்துக்கொண்டார், கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. போனைத் தட்டி, எடுத்ததை ஒருமுறை ஓடவிட்டுப் பார்த்தார்.

"எல்லாம் பிரமாதமா வந்திருக்கு. கடைசி இடம்தான் சொதப்பிடுச்சு. செல்லம், மூஞ்ச துடைச்சுக்கோ. ஒரே ஒரு தடவ மறுபடி வண்டிக்குள்ள போய் உக்காரு. அப்பா கதவைத் திறந்ததும் சிரிச்சுக்கிட்டே ஓடி வரணும். சரியா?"

அவள் உள்ளே போய் உட்கார்ந்தாள். கதவு மூடியது, திறந்தது. அவள் எல்லாப் பல்லும் தெரிய, கைகளை விரித்துக்கொண்டு ஓடி வந்தாள்.

"சூப்பர்!" என்றார் அத்தான். என் பக்கம் திரும்பி, "உன்கிட்ட சொல்லாததுக்குக் கோவிச்சுக்காதம்மா. உன் மூஞ்சி காட்டிக் குடுத்துடும். நீ பயந்ததும் நல்லா விழுந்திருக்கு. வண்டிய கொஞ்சம் கழுவி விட்டுடு, வாடகை வண்டி," என்று சாவியைக் கையில் வைத்தார். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்து நால்வரையும் விழுங்கிக்கொண்டது.

நான் அந்த வேனைக் கழுவினேன். கழுவக் கழுவக் குமட்டியது. அது குழந்தை எடுத்த வாந்தியால் வந்த குமட்டல் இல்லை.

அத்தானைக் கெட்டவர் என்று எழுதிவிட முடிந்தால் என் வேலை சுலபம். அவர் கெட்டவர் இல்லை. செருப்புக் கடைக்கு மேலே, குறுகிய படி ஏறிப் போகிற ஒரு டிராவல்ஸ் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. பயணச்சீட்டு எடுத்துத் தருவது, விடுதி பிடித்துத் தருவது. சுவரில் உலகப் படம் உண்டு. அதில் முக்கால்வாசி இடங்களை அவர் பார்த்ததில்லை. ஆனால் எந்த விடுதியில் குழந்தைக்குத் தொட்டில் கிடைக்கும், எந்தக் கடற்கரையில் அலை முரட்டுத்தனம் இல்லாமல் இருக்கும் என்று கேட்டால் உட்கார்ந்த இடத்திலிருந்தே சொல்வார். வீட்டில் பாத்திரம் கழுவுவார். பிள்ளைகளுக்கு நகம் வெட்டிவிடுவார். என்னை ஒருநாளும் முகம் சுளித்துப் பார்த்ததில்லை. நான் வேலையை விட்டுவிட்டு ஊர் சுற்றப் போனபோது, "போய்ட்டு வரட்டும் விடுங்க, கால்ல சக்கரம்," என்று வீட்டில் எனக்காகப் பேசிய ஒரே ஆள் அவர்தான்.

அவருடைய அப்பா லாரி ஓட்டுநர். ஒவ்வொரு லீவுக்கும், "அடுத்த வாரம் உன்னையும் ஏத்திக்கிட்டுப் போறேன்டா," என்று மகனிடம் சொல்வாராம். மகன் குளித்து, தலைவாரி, ஷூ மாட்டிக்கொண்டு வாசற்படியில் பையோடு உட்கார்ந்திருப்பான். லாரி இன்னொரு வழியாகப் போய்விட்டிருக்கும். ஒருமுறை இல்லை, பள்ளிக்கூடம் முடிகிறவரை இதே கதை.

"அந்த ஏமாந்த மூஞ்சி இருக்கு பாரு, அதை என் பிள்ளைங்ககிட்ட நான் பாக்கக் கூடாது. அதனாலதான் முன்னாடியே சொல்றது கிடையாது. வண்டி கிளம்புறது உறுதியான பிறகுதான் சொல்லுவேன்." இதை அவர் என்னிடம் பல தடவை சொல்லியிருக்கிறார். இந்தப் பாசத்தில்தான் எல்லாம் தொடங்கியது என்பது எனக்கு இன்னும் அதிகமாக வெறுப்பூட்டுகிறது.

தொடக்கத்தில் அவர் செய்தவை அழகாகவே இருந்தன. பயணம் பதிவு செய்ய வரும் பெற்றோருக்கு, பிள்ளைகளிடம் எப்படிச் சொல்லலாம் என்று தானாகவே யோசனை தருவார். ரயில் பைத்தியமான ஒரு பையனுக்காகச் சமையலறை நாற்காலிகளை வரிசையாகப் போடச் சொன்னார். அப்பா நிலையங்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவ வேண்டும். கடைசிப் பெயர் அவர்கள் போகப்போகிற ஊர். இன்னொரு பெண்ணின் பள்ளிக்கூட ஷூவுக்குள் தினமும் ஒரு சிப்பி. முதல் நாள் அவள் கல் என்று எறிந்தாள். மூன்றாம் நாள் சந்தேகப்பட்டாள். வார இறுதிக்குள் தானே கண்டுபிடித்து, அப்பா அம்மாவிடம் வந்து, "கடலுக்குத்தானே போறோம்? எனக்குத் தெரியும், தெரியாத மாதிரி இருக்கேன்," என்றாளாம். ஒரு கரடி பொம்மையை முன்கூட்டியே விடுதிக்கு அனுப்பி, அது அங்கே சன்னலோரம் உட்கார்ந்து பிள்ளைக்காகக் காத்திருப்பது போலப் படம் எடுத்து அனுப்ப வைத்தார். இதற்கெல்லாம் அவர் தனியாக எதுவும் வாங்கியதில்லை. பிள்ளை கண்டுபிடித்த கதையைத் திரும்பி வந்து சொன்னால் போதும்.

இந்த விளையாட்டைக் கெடுத்தது அலுவலகத்தின் சன்னல் கண்ணாடியில் முதலாளி மாட்டிய டிவி. தெருவைப் பார்த்தபடி அதில் நாள் முழுக்கக் கடலும் மலையும் ஓடும். யாரும் நின்று பார்த்ததில்லை. ஒருநாள் வாடிக்கையாளர் ஒருவர் அனுப்பிய படத்தை முதலாளி அதில் ஓடவிட்டார். பல் பிடுங்கப் போவதாகச் சொல்லி அழைத்துப் போகப்பட்ட பையன் கதறுகிறான், பிறகு படகைப் பார்த்துச் சிரிக்கிறான். தெருவில் கூட்டம் நின்றது.

"பாத்தியாய்யா? சிரிக்கிற பிள்ளைய எவனும் நின்னு பாக்க மாட்டான். அழுதுட்டுச் சிரிக்கணும். முதல்ல புளிப்பு, அப்புறம் இனிப்பு. உனக்குத்தான் மூளை இருக்கே, யோசி," என்றார் முதலாளி.

அத்தான் யோசித்தார். அதுதான் அவர் செய்த தப்பு. மூளை இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவருக்குத் தலைகால் புரியாது.

அவர்கள் விடுமுறை முடிந்து திரும்பிய பிறகு நான் ஒருமுறை அந்த அலுவலகத்துக்குப் போனேன். படி ஏறுமுன் தெருவில் நின்று பார்த்தேன். டிவியில் சத்தமில்லாமல் குழந்தைகள் ஒவ்வொருவராக அழுதுகொண்டிருந்தார்கள். நாய்க்குட்டியை யாருக்கோ கொடுத்துவிட்டதாகச் சொல்லப்பட்ட ஒரு பையன். பிறந்தநாள் கிடையாது என்று சொல்லப்பட்ட ஒரு பெண். ஏறக்குறைய எல்லாப் படத்திலும் ஓர் இடம் வந்தது. குழந்தை முகத்தை மறைத்துக்கொள்ளும். அப்போது ஓரத்திலிருந்து பெரியவர் கை ஒன்று நுழைந்து, முகவாயைப் பிடித்து, முகத்தைப் போன் பக்கம் திருப்பும். மோதிரம் போட்ட கை, வளையல் போட்ட கை, நகச்சாயம் பூசிய கை. எத்தனையோ ஊர்களில் எத்தனையோ அருவருப்புகளைப் பார்த்திருக்கிறேன். அந்தக் கைகளைப் போல எதுவும் என்னைக் குமட்ட வைத்ததில்லை.

மேலே கவுண்டரில் ஒரு தம்பதி உட்கார்ந்திருந்தார்கள். தையல்காரரிடம் அளவு சொல்வது போல அந்தம்மா சொன்னாள்: "எங்க பொண்ணு லேசுல அழ மாட்டா சார். கல் நெஞ்சுக்காரி."

"ரொம்பப் பிடிச்ச பொம்மை ஏதாவது இருக்குமே?" என்றார் அத்தான்.

"ஒரு முயல் இருக்கு. அது இல்லாம தூங்க மாட்டா."

"அப்ப அதை எடுத்து ஒளிச்சு வைங்க. ரெண்டு நாளைக்கு. குப்பை வண்டியில போயிடுச்சுன்னு சொல்லுங்க. நீங்க வேணா பாருங்க."

அவர்கள் போனதும் கேட்டேன். "எப்படி அத்தான் வாய் கூசாம சொல்றீங்க?"

"என்ன கொழுந்தியா, ரெண்டு நாள்தானே? அப்புறம் ஜென்மத்துக்கும் சந்தோஷம். நீ மட்டும் யாருக்கும் சொல்லாம கொள்ளாம நாடு நாடா சுத்தலாம், நான் சொல்லாம ஒரு ஏர்போர்ட் போகக் கூடாதா?"

"வீட்ல ஒருத்தி வாயே திறக்கறதில்ல, பாத்தீங்களா?"

"வளர்றா. பொம்பளப் பிள்ளைன்னா அடக்கம் வரத்தானே செய்யும்."

அவள் அடங்கியிருக்கவில்லை. காவல் காத்துக்கொண்டிருந்தாள். அப்பா எது சொன்னாலும் முதலில் அவருடைய போன் எங்கே இருக்கிறது என்று பார்ப்பாள். பிறகு கட்டிலுக்கு அடியில் குனிந்து பெட்டிகள் இருக்கின்றனவா என்று பார்ப்பாள். அதற்குப் பிறகுதான் பதில். சோறு ஆறுகிறது, வா என்று அக்கா கூப்பிட்டாலும் கட்டிலடியில் ஒரு பார்வை. நாளைக்குத் தேர்வு என்று வகுப்பில் சொன்னதை அவள் நம்பவில்லை, படிக்காமல் போய் உட்கார்ந்திருக்கிறாள். அக்காவிடம் சொன்னேன். "எனக்கும் அன்னைக்கு மனசே இல்லடி. வேண்டாம்னுதான் சொன்னேன். அஞ்சு நிமிஷம் படுத்துக்கோ, மத்தத நான் பாத்துக்கறேன்னாரு," என்றாள். படுத்துக்கொண்டாள். அவ்வளவுதான் அவள் தரப்பு.

சில மாதங்கள் கழித்து, வேலைநாள் ஒன்றில் அக்கா சமையலறையில் சுருண்டு விழுந்தாள். குடல்வால் வெடித்திருந்தது. அது எங்களுக்குப் பிறகுதான் தெரியும். அப்போது தெரிந்தது அவள் போட்ட சத்தமும் தரையில் எடுத்த வாந்தியும்தான். நான் போன் செய்ததும் அத்தான் ஓடி வந்தார். ஒரு காலில் ஷூ, இன்னொரு காலில் அலுவலகத்து ரப்பர் செருப்பு. ஆம்புலன்ஸ் வாசலுக்கு வரும்போது குழந்தைகளும் பள்ளிக்கூடத்திலிருந்து வந்துவிட்டார்கள்.

வாயாடி அம்மாவைப் பார்த்தாள். உள்ளே போனாள். திரும்பி வந்தபோது சீருடைக்கு மேலேயே நீச்சல் உடையை மாட்டியிருந்தாள். நெற்றியில் நீச்சல் கண்ணாடி. முகத்தில் அந்தச் சிரிப்பு, எல்லாப் பல்லும் தெரிகிற சிரிப்பு.

"அம்மா இந்தத் தடவ சூப்பரா பண்றா சித்தி," என்றாள் என் காதோடு. பிறகு சத்தமாகவே, "போன் யார்கிட்ட இருக்கு?"

அக்காவைத் தூக்கிக்கொண்டு போன அத்தானுக்கு அது கேட்டது. நின்றார். "செல்லம், இது நிஜம்டா."

"தெரியும்ப்பா," என்றாள் சிரித்துக்கொண்டே.

அவர்கள் போன பிறகு நான் உட்கார்த்தி வைத்துச் சொன்னேன். கெஞ்சினேன். ஒருகட்டத்தில் அதட்டினேன். "நீ அன்னைக்கும் இப்படித்தான் பயந்தே சித்தி," என்றாள். "அப்புறம் நீயும் வீடியோல வந்தே." சின்னவன் மட்டும் ஏதோ புரிந்து மூக்கை உறிஞ்சினான். அவள் அவனைத் தேற்றவில்லை. அழுவது அவன் பங்கு, சிரிப்பது தன் பங்கு என்பது போல இருந்தாள்.

சாயங்காலம் இருவரையும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். உடையை மாற்ற மறுத்துவிட்டாள். ஆபரேஷன் அறைக்கு வெளியே நடைக்கூடத்தில் அத்தான் நின்றிருந்தார். மகளைப் பார்த்ததும் அவள் உயரத்துக்கு மண்டியிட்டார். அவள் அவர் முகத்தை நெருங்கிப் பார்த்தாள்.

"கண்ணு எப்படிப்பா இவ்ளோ சிவப்பாச்சு? வெங்காயமா?"

"அம்மாவுக்கு உள்ள ஆபரேஷன் நடக்குதுடா. அம்மா பிழைச்சு வரணும்னு வேண்டிக்கோ."

"எப்ப கதவைத் திறப்பாங்க?"

"தெரியலையே."

"திறந்ததும் ஓடணும்ல? அன்னைக்கு மாதிரி ரெண்டு தடவ எடுக்க வேண்டாம். ஒரே தடவையில பண்ணிடறேன்."

அவள் கதவுக்கு நேரே போய், ஒரு காலை முன்னால் வைத்து, ஓடத் தயாராக நின்றுகொண்டாள். அங்கே உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தான் மண்டியிட்டபடியே இருந்தார். யாராலும் அவளை அங்கிருந்து நகர்த்த முடியவில்லை.

கதவு திறந்தது. ரத்தம் தோய்ந்த துணிகளோடு ஒரு தட்டை ஏந்தி நர்ஸ் வந்தாள். வாயாடி கைகளை விரித்துக்கொண்டு, எல்லாப் பல்லும் தெரிய அவளை நோக்கி ஓடினாள். தட்டு சாய்ந்தது.

"யார் வீட்டுப் பிள்ளை இது? யாருங்க அப்பா?" என்று நர்ஸ் கத்தினாள்.

அத்தான் முகத்தைப் பொத்திக்கொண்டார். நான்தான் போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்தேன். அவள் என் தோளுக்கு மேலே மூலை முடுக்கெல்லாம் போனைத் தேடிக்கொண்டிருந்தாள்.

அக்கா பிழைத்துக்கொண்டாள். வார்டுக்கு மாற்றிய பிறகு வாயாடியை உள்ளே விட்டார்கள். அம்மாவின் வயிற்றுக் கட்டைப் பார்த்தாள். அம்மாவிடமும் கேட்கவில்லை, அப்பாவிடமும் கேட்கவில்லை. பக்கத்துக் கட்டில்காரருக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த நர்ஸிடம் போய், "ஆன்ட்டி, இதுக்குள்ள நிஜமாவே வெட்டியிருக்கா?" என்று கேட்டாள்.

"ஆமாம்மா. நான்தான் இன்னைக்குக் கட்டு மாத்தினேன்."

அதற்குப் பிறகு அழுதாள். வேனில் அழ வேண்டியது, நடைக்கூடத்தில் அழ வேண்டியது எல்லாம் சேர்ந்து வந்தது. அத்தான் தூக்கப் போனார். அவள் நர்ஸின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். பெற்ற தகப்பன் இருக்க, பெயர்கூடத் தெரியாத ஒருத்தியின் பேச்சை நம்பி அவளிடம் ஒதுங்கினாள். அத்தான் நீட்டிய கையை மடக்கத் தெரியாமல் நின்ற நிலை எனக்குப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. வேனில் குலுங்கிய அந்தத் தோள்கள்தான் கண்முன் வந்தன.

அவர் தன் மகள் வருகிற படத்தை அலுவலக டிவியிலிருந்து எடுத்துவிடச் சொன்னார். "ஓடுற படத்த எவனாவது நிறுத்துவானாய்யா? உன் பிள்ளை சிரிப்புக்குத்தான் கூட்டமே," என்றார் முதலாளி. அத்தான் வேலையை விட்டார். இப்போது பேருந்து நிலையத்தில் விசாரணைச் சன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், தாமதமா, ரத்தா என்று நாள் முழுக்க முன்கூட்டியே சொல்வதுதான் வேலை. ஊரே அவர் சொல்வதை நம்பி மூட்டையைத் தூக்குகிறது. வீட்டில், மழை வருகிறது, குடை எடுத்துக்கொள் என்று அவர் சொன்னால், மகள் மாடிக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கேட்டுவிட்டு வந்துதான் குடையை எடுப்பாள்.

நான் மறுபடி கிளம்புவதற்குச் சில நாள் முன்பு அந்தச் செருப்புக் கடைத் தெரு வழியாகப் போனேன். கண்ணாடிக்குள் வாயாடி பல்லெல்லாம் தெரிய ஓடி வந்துகொண்டிருந்தாள். முடிந்ததும் மறுபடி ஓடி வந்தாள். ஒரு தாய் தன் கைக்குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "பாரு, அக்கா எவ்ளோ சந்தோஷமா ஓடி வர்றா பாரு," என்று காட்டிக்கொண்டிருந்தாள்.

பிறகு பல ஆண்டுகள் நான் அங்கே போகவில்லை. வாயாடி பள்ளிப் படிப்பை முடித்த ஆண்டு, வேறொரு நாட்டில் ஒரு படகுத்துறையில் காத்திருந்தபோது அத்தானிடமிருந்து இந்தச் செய்தி வந்தது:

"கொழுந்தியா, நல்லா இருக்கியா? லீவுக்கு நாலு பேரும் மலைக்குப் போறதா இருக்கோம், ரயில்ல. போற தேதி, திரும்புற தேதி, தங்குற இடம் எல்லாம் போன மாசமே வாயாடிகிட்ட சொல்லிட்டேன். டிக்கெட்டையும் அவ கையிலயே குடுத்துட்டேன். அவ ஸ்டேஷனுக்குப் போய்க் கேட்டிருக்கா. தங்குற இடத்துக்கும் போன் பண்ணி விசாரிச்சிருக்கா. ரெண்டு இடத்துலயும் உண்மைதான்னு சொல்லிட்டாங்களாம். வர்றேன்னு சொல்லிட்டா."